ஆப்பிள் சொறி நோய்: தாமிரம் எப்போது, கந்தகம் எப்போது?

ஆப்பிள் பழத்துக்கு விலை வைப்பது அதன் தோல்தான். எடையும் இனிப்பும் குறையாத பழமாக இருக்கலாம். ஆயினும் தோலில் மிளகளவு கரும்புள்ளி ஒன்று தென்பட்டால், தரம் பிரிக்கும் இடத்தில் அது முதல் தரப் பெட்டியிலிருந்து விலக்கப்படுகிறது. புள்ளிகள் கூடினால் பழம் வெடித்து, சாறு பிழியும் ஆலைக்குக் கழிவு விலையில் போகிறது. ஓராண்டு உழைப்பும் செலவும் இவ்வாறு வீணாவதற்குக் காரணமான நோய் ஆப்பிள் சொறி நோய். இதை உண்டாக்குவது வென்ச்சூரியா இனீக்வாலிஸ் என்னும் பூசணம்.

இந்நோயைத் தடுக்கத் தாமிரம், கந்தகம், சுண்ணாம்பு ஆகிய தாதுப் பொருள்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பட்டு வருகின்றன. புதிய மருந்துகள் பல வந்த பின்னும் இவற்றின் மதிப்புக் குறையவில்லை. ஆனால் மரத்தின் எந்தப் பருவத்தில் எந்தத் தாதுவைத் தெளிப்பது என்பதை அறியாமல் பயன்படுத்தினால், நோய் கெடுக்காத காயை மருந்தே கெடுத்துவிடும்.

தமிழகத்தில் கொடைக்கானல், நீலகிரி மலைகளில் ஆப்பிள் சிறிய அளவில்தான் பயிராகிறது. குறைந்த குளிரிலேயே காய்க்கும் 'பார்லின்ஸ் பியூட்டி' என்ற வகை, கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கே.கே.எல்.1 என்ற பெயரில் வெளியிடப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயிகளுக்குப் போர்டோ கலவை பழக்கமானதே. ஆனால் திராட்சைக் கொடிக்குச் செய்வதை அப்படியே ஆப்பிள் மரத்துக்குச் செய்யக் கூடாது. ஏன் என்பதை, இந்நோயின் கொடுமையை முழுமையாகக் கண்ட காஷ்மீர், இமாசலப் பிரதேசத் தோட்டங்களின் அனுபவத்திலிருந்து அறியலாம்.

நோய் பரவிய வரலாறு

இந்தியாவில் சொறி நோய் முதன்முதலில் 1935-ல் காஷ்மீரில், அம்ப்ரி என்னும் நாட்டு ஆப்பிள் வகையில் கண்டறியப்பட்டது. 1973-ல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு முழுவதும் கொள்ளை நோயாகப் பரவியது. இமாசலப் பிரதேசத்தில் 1977-ல் தலைகாட்டி, 1983-ல் அங்கும் பெருஞ்சேதம் விளைவித்தது.

இமாசலத்தின் கோட்கர் பகுதியில் 1916-ல் சாமுவேல் ஸ்டோக்ஸ் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்ட டெலிசியஸ் வகைகளே பின்னர் மலை முழுவதும் பரவின. நிறமும் சுவையும் மிக்க இவ்வகைகள் சொறி நோய்க்கு எளிதில் இரையாகக் கூடியவை. மலைச் சரிவு முழுவதும் ஒரே வகை மரங்கள் நிற்பதால், ஓரிடத்தில் தோன்றும் நோய் தடையின்றிப் பரவுகிறது.

அறிகுறிகள்

முதலில் இளம் இலைகளில் ஆலிவ் பச்சை நிறத்தில், வெல்வெட்டுத் துணி போன்ற புள்ளிகள் தோன்றும். இவை நாளடைவில் பழுப்பாகிப் பின் கருமையாகும். தாக்கப்பட்ட இலைகள் மஞ்சளாகி முன்னதாகவே உதிரும். காயில் தோன்றும் புள்ளிகள் தக்கை போல் தடித்து வெடிக்கும். பிஞ்சில் தாக்கினால் காய் ஒருபுறமாகக் கோணிக்கொள்ளும். இலைகள் முன்னதாக உதிர்வதால் மரத்தின் சேமிப்பு உணவு குறைந்து, அடுத்த ஆண்டின் பூ மொட்டுகளும் குறைகின்றன. ஓராண்டின் கவனக்குறைவு இரண்டு ஆண்டுகளின் விளைச்சலைப் பாதிக்கிறது.

இளந்தளிர்களில் மாவு தூவியது போல் வெண்படலம் காணப்பட்டால் அது சொறி நோய் அன்று, சாம்பல் நோய். இந்தப் பூசணம் மொட்டுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கிறது. இது பரவ இலை நனைந்திருக்க வேண்டியதில்லை. கந்தகம் இதற்கும் நல்ல மருந்து.

பூசணம் உறங்கும் இடம்

சொறி நோய்ப் பூசணம் குளிர்காலத்தைப் பெரும்பாலும் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் இலைகளில் கழிக்கிறது. வசந்த காலத்தில் மொட்டு விரியும் சமயத்தில், மழையில் நனைந்த இந்தச் சருகுகளிலிருந்து வித்துகள் வெடித்துக் கிளம்பிக் காற்றில் ஏறி இளந்தளிர்களை அடைகின்றன. இது முதல் தாக்குதல். இதில் உண்டாகும் புள்ளிகளிலிருந்து மழைத் துளிகள் வழியாக அடுத்த தாக்குதல்கள் தொடர்கின்றன. முதல் தாக்குதலைத் தடுத்துவிட்டால் கோடையில் பாதி வேலை குறையும். தவறவிட்டால் அறுவடை வரை மருந்தடித்தும் தப்புவது கடினம்.

மழையும் மணிக்கணக்கும்

வித்து இலையில் விழுந்தவுடன் நோய் வந்துவிடுவதில்லை. இலை குறிப்பிட்ட நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால்தான் வித்து முளைத்து உள்ளே நுழையும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக விஞ்ஞானி மில்ஸ் 1944-ல் இதற்கென ஓர் அட்டவணை வகுத்தார். வெப்பநிலை 16 முதல் 24 டிகிரி சென்டிகிரேடாக இருந்தால் சுமார் 9 மணி நேர ஈரம் போதும். 10 டிகிரியில் சுமார் 14 மணி நேரம் தேவை. குளிர் அதற்கும் கீழே இறங்கினால் இன்னும் நீண்ட நேரம் வேண்டும். நோய் நுழைந்த பின் புள்ளி கண்ணுக்குத் தெரிய 9 முதல் 17 நாட்கள் ஆகும்.

"மழை விட்டதும் அடித்துக்கொள்ளலாமே" என்று பலர் நினைக்கிறார்கள். மாலை 6 மணிக்குச் சாரல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலை 16 டிகிரி. விடியற்காலை 3 மணிக்கே 9 மணி நேரம் முடிந்துவிடுகிறது. காலையில் மருந்து கலக்கத் தொடங்கும்போது பூசணம் இலைக்குள் சென்றிருக்கும். தாமிரமும் நனையும் கந்தகமும் இலைக்குள் ஊடுருவும் மருந்துகள் அல்ல. இலையின் மேல் கவசம் போலப் படிந்திருந்து, வித்து முளைக்கும்போது அதைக் கொல்பவை. மழைக்கு முன்பே கவசம் இலையில் இருக்க வேண்டும். மேகம் திரளும் நாளே மருந்தடிக்கும் நாள்.

தாமிரமும் போர்டோ கலவையும்

பிரான்சு நாட்டின் போர்டோ பகுதியில், சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமலிருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடிகளில் தெளித்து வைப்பது வழக்கம். அக்கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் தாக்காமல் இலைகள் தங்கியிருப்பதை 1882-ல் மில்லார்டே என்ற பேராசிரியர் கண்டார். வேதியியல் அறிஞர் காயோனுடன் சேர்ந்து ஆராய்ந்து 1885-ல் முடிவுகளை வெளியிட்டார். இதுவே போர்டோ கலவை பிறந்த வரலாறு.

ஒரு சதவீதக் கலவை 100 லிட்டர் தயாரிக்க மயில்துத்தம் 1 கிலோ, நன்கு சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ தேவை. மயில்துத்தத்தைப் பொடித்து, துணியில் முடிந்து, 50 லிட்டர் நீரில் தொங்கவிட்டுக் கரைக்க வேண்டும். வேறொரு பாத்திரத்தில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக நீர் விட்டு நீற்றி, 50 லிட்டராக்கி, ஆறியபின் வடிகட்ட வேண்டும். பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் மெதுவாக ஊற்றிக்கொண்டே மரக்குச்சியால் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. மண், மரம் அல்லது பிளாஸ்டிக் பாத்திரங்களையே பயன்படுத்த வேண்டும். இரும்பு, தகரப் பாத்திரங்கள் ஆகா.

கலவை வான நீல நிறத்தில் இருக்கும். துலக்கிய கத்தியை அதில் சிறிது நேரம் நிறுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் தாமிரம் தனித்து நிற்கிறது என்று பொருள். செம்பு நிறம் படிவது நிற்கும் வரை இன்னும் சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். இச்சோதனையைச் செய்யாமல் தெளித்தால் தளிர்கள் கருகும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும்.

இப்போது திராட்சைக்கும் ஆப்பிளுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வரலாம். ஆப்பிள் பிஞ்சின் தோல் மிக மென்மையானது. குளிர்ந்த, ஈரமான நாட்களில் இலையில் படிந்த தாமிரம் சிறிது சிறிதாகக் கரைந்து பிஞ்சின் தோலைச் சுடுகிறது. அந்த இடம் காய் பெருக்கும்போது துரு பிடித்தது போல் சொரசொரப்பாகிவிடும். கோல்டன் டெலிசியஸ் வகையில் இந்தச் சேதம் மிகுதி. சொறிக்குத் தப்பிய காய், மருந்தின் வடுவால் தரம் இழக்கும். ஆகவே ஆப்பிளில் தாமிரத்துக்கு உரிய காலம் மொட்டு நுனி வெள்ளியாகிப் பசுமை தலைகாட்டும் வரைதான். தளிர் அரை அங்குலம் நீண்ட பின் அறுவடை முடியும்வரை தாமிரத்தைத் தொடாமலிருப்பதே நல்லது.

கந்தகம்

பசுமை நுனிக்குப் பிறகு கந்தகத்தின் காலம் தொடங்குகிறது. 80 சதவீத நனையும் கந்தகத் தூளை லிட்டர் நீருக்கு 2 முதல் 3 கிராம் வீதம் கலக்க வேண்டும். இமாசலத்தில் வழக்கமான 200 லிட்டர் பீப்பாய்க்கு இது 400 முதல் 600 கிராம் ஆகும். தூளை முதலில் சிறிது நீரில் கூழாகக் குழைத்து, பிறகு பீப்பாயில் சேர்த்தால் கட்டி தட்டாது.

கந்தகத்தைப் பயன்படுத்துவோர் மூன்று எச்சரிக்கைகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, வெப்பநிலை. குளிரில் கந்தகத்தின் வேகம் குறைவு. 18 டிகிரிக்கு மேல் நன்கு வேலை செய்யும். 30 டிகிரியைத் தாண்டினால் இலையையும் காயையும் சுட்டுவிடும். வெயில் கடுமையான நாட்களில் மாலை வேளையில் தெளிப்பது அல்லது தள்ளிப்போடுவது நலம்.

இரண்டாவது, எண்ணெய். சான் ஜோஸ் செதில் பூச்சிக்கும் சிவப்புச் சிலந்திக்கும் குளிர்காலக் கடைசியில் தாது எண்ணெய் தெளிப்பது காஷ்மீரிலும் இமாசலத்திலும் வழக்கம். எண்ணெய் படிந்த மரத்தில் கந்தகம் பட்டால் தளிர் கருகும். இரண்டுக்கும் இடையே குறைந்தது 3 வார இடைவெளி வேண்டும். எண்ணெய் தெளித்த தேதியை எழுதி வைக்காத தோட்டங்களில்தான் இந்தச் சேதம் நேர்கிறது.

மூன்றாவது, நன்மை செய்யும் உயிர்கள். கந்தகத்தை அளவுக்கு மீறித் தொடர்ந்து அடித்தால், சிவப்புச் சிலந்தியைத் தின்னும் இரைவிழுங்கிச் சிலந்திகளும் மடிகின்றன. சொறி நீங்கிச் சிலந்தி பெருகினால் விவசாயிக்கு லாபமில்லை.

சுண்ணாம்புக் கந்தகக் கரைசல்

சுண்ணாம்பையும் கந்தகத்தையும் சேர்த்துக் காய்ச்சும் முறையை 1852-ல் பிரான்சின் வெர்சேல்ஸ் தோட்டத்துத் தலைமைத் தோட்டக்காரர் கிரிசன் பயன்படுத்தினார். சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, கந்தகத் தூள் 2 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் ஆகியவற்றை இரும்புக் கொப்பரையில் சுமார் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். வற்றும் நீருக்கு ஈடாக வெந்நீர் சேர்க்க வேண்டும். கரைசல் செம்பழுப்பு நிறம் அடைந்ததும் இறக்கி, ஆறவைத்து, தெளிவை வடித்து, காற்றுப் புகாத கலத்தில் விளிம்புவரை நிரப்பி வைக்க வேண்டும். செம்பு, பித்தளைப் பாத்திரங்களைப் பயன்படுத்தக் கூடாது.

இதன் வலிமையைப் போமே அளவியால் அளக்க வேண்டும். 32 டிகிரி போமே வலிமையுள்ள கரைசலாயின், மரம் உறங்கும் பருவத்தில் 1 லிட்டருக்கு 10 லிட்டர் நீரும், பூக்கும் முன் 50 லிட்டர் நீரும், இதழ் உதிர்ந்த பின் 100 லிட்டர் நீரும் சேர்க்கலாம். வீட்டில் காய்ச்சுவது பெரும்பாலும் இதைவிட நீர்த்தே இருக்கும். அளக்காமல் கலப்பது கூடாது.

நனையும் கந்தகத்துக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு. வித்து முளைக்கும் சமயத்தில், இலை ஈரமாக இருக்கும்போதே தெளித்தாலும் அதைக் கொல்லும். எதிர்பாராத மழையில் கவசம் இல்லாமல் மாட்டிக்கொண்ட தோட்டத்துக்கு, முதல் சில மணி நேரத்துக்குள் இது கைகொடுக்கும். ஆனால் முழுப் பூவில் தெளித்தால் பூக்கள் கருகிக் காய்ப்பிடிப்புக் குறையும். டெலிசியஸ் வகைகளில் இலை சுடும் வாய்ப்பும் உண்டு. ஒரு கிளையில் தெளித்துப் பார்த்து, பிறகு முழு மரத்துக்கும் தெளிக்க வேண்டும். அமிலத்துடன் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். கண், தோலில் படாமல் கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும்.

பருவவாரியாகச் செய்ய வேண்டியவை

1. அறுவடை முடிந்து இலை உதிரும் முன்: 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ யூரியா கலந்து மரம் முழுவதும் தெளிக்க வேண்டும். உதிரும் இலைகள் விரைவில் மட்கி, பூசணம் உறங்கும் இடமே அழியும். சருகுகளைக் கூட்டிக் குழியிலிட்டு மண் மூட வேண்டும்.

2. உறக்கப் பருவம்: கவாத்துச் செய்து, காற்றும் வெயிலும் நுழைய வழி செய்ய வேண்டும். காற்றோட்டமுள்ள மரத்தின் இலைகள் மழைக்குப் பின் சீக்கிரம் உலரும். வெட்டு வாய்களில் மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 10 லிட்டர் கொண்ட போர்டோ பசையைத் தடவ வேண்டும். ராணிகேத் அருகிலுள்ள சௌபாட்டியா ஆராய்ச்சி நிலையத்தின் பெயரால் வழங்கும் பசையில் ஈயச் செந்தூரம் சேர்கிறது. ஈயம் நஞ்சாகையால் போர்டோ பசையே மேல்.

3. வெள்ளி நுனி முதல் பசுமை நுனி வரை: ஒரு சதவீதப் போர்டோ கலவை, அல்லது காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம்.

4. இளஞ்சிவப்பு மொட்டுப் பருவம்: நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம்.

5. முழுப் பூ: எந்த மருந்தும் வேண்டாம். தேனீக்கள் வேலை செய்யும் நேரம் இது.

6. இதழ் உதிர்ந்தது முதல்: நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம், மழையைப் பார்த்து 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை. இடையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் கவசத்தின் பெரும்பகுதி கழுவப்பட்டிருக்கும். நாள் கணக்கைப் பார்க்காமல் மறுபடி தெளிக்க வேண்டும்.

கந்தகத்தையும் போர்டோ கலவையையும் ஒரே பீப்பாயில் சேர்க்கக் கூடாது. பூச்சி மருந்துகளில் பெரும்பாலானவை சுண்ணாம்புடன் சேர்ந்தால் வீரியம் இழக்கும். இலையின் மேற்புறம், அடிப்புறம், மரத்தின் உச்சி எங்கும் மருந்து படிய வேண்டும். உச்சிக் கிளைகள் நனையாத மரத்தில் நோய் அங்கிருந்தே இறங்கும்.

தாமிரத்துக்கும் அளவு உண்டு

இயற்கைப் பொருள் என்பதால் எவ்வளவு அடித்தாலும் தீங்கில்லை என்று எண்ணுவது தவறு. தாமிரம் மண்ணில் அழியாது. ஆண்டுதோறும் சேர்ந்து மண்புழுக்களுக்கும் நுண்ணுயிர்களுக்கும் கேடு செய்யும். ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் எக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ, அதாவது ஆண்டுக்குச் சராசரி 4 கிலோ தாமிரத்துக்கு மேல் இடக் கூடாது என்று வரம்பு வைத்துள்ளது. மயில்துத்தத்தில் நான்கில் ஒரு பங்கு தாமிரம். எக்டேருக்கு 1,000 லிட்டர் ஒரு சதவீதக் கலவை தெளித்தால் 10 கிலோ மயில்துத்தம், அதாவது சுமார் இரண்டரைக் கிலோ தாமிரம் மண்ணைச் சேர்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, உரிய பருவத்தில் தெளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவை மட்டும் போதுமா?

வசந்த காலத்தில் மழை குறைவாகவும் தோட்டம் சுத்தமாகவும் இருந்தால் போதும். மழை தொடர்ந்து பெய்யும் ஆண்டில், சென்ற ஆண்டு நோய் கண்ட டெலிசியஸ் தோட்டத்தில், இவற்றை மட்டும் நம்பினால் சேதம் வரலாம். அத்தகைய தோட்டங்களில் ஸ்ரீநகர் ஷாலிமாரிலுள்ள வேளாண் பல்கலைக்கழகமும், சோலன் மாவட்டம் நௌனியிலுள்ள தோட்டக்கலைப் பல்கலைக்கழகமும் வகுத்துள்ள மருந்துத் தெளிப்பு அட்டவணைகளைப் பின்பற்ற வேண்டும். அங்கும் தாதுக்களுக்கு இடமுண்டு. ஒரே வகை நவீன மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூசணம் அதற்குப் பழகிவிடுகிறது. பூசணத்தைப் பல இடங்களில் ஒருசேரத் தாக்கும் தாமிரமும் கந்தகமும் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் வலிமை இழக்கவில்லை. புதுத் தோட்டம் வைப்போர் பிரைமா, புளோரினா, லிபர்ட்டி போன்ற எதிர்ப்புச் சக்தியுள்ள வகைகளையும் கலந்து நடலாம்.

கொடைக்கானல் மலையில் நாலைந்து ஆப்பிள் மரங்கள் வைத்திருப்போரும் சருகு அகற்றுதல், கவாத்து, மொட்டு விரியும்போது ஒரு தாமிரம், பின்னர் கந்தகம் என்ற இதே வரிசையைப் பின்பற்றலாம். மாத்திரம் நாட்காட்டி மாதத்தைப் பார்க்காமல் மொட்டின் நிறத்தைப் பார்த்து நாள் குறிக்க வேண்டும்.

ஒரு மழைமானி, ஒரு வெப்பமானி, ஒரு குறிப்பேடு ஆகிய மூன்றும் தோட்டத்தில் இருக்கட்டும். மழை தொடங்கிய நேரம், இலை உலர்ந்த நேரம், எண்ணெயும் மருந்தும் தெளித்த தேதி ஆகியவற்றை எழுதி வந்தால், அடுத்த தெளிப்பு என்றைக்கு என்பதை அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்.